கடல்மேல் வீசும் காற்றுக்கு மூன்று சாட்சிகள்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை, மலருக்காக எழுதப்பட்டது)



பரிசளிப்பு விழாவில் ஓர் ஆசிரியர் பேச எழுந்தால், "நன்றாகப் படியுங்கள், ஒழுக்கமாக இருங்கள்" என்று சொல்வார் என எதிர்பார்ப்பீர்கள். அதைத் தலைமையாசிரியர் என்னைவிட நன்றாகவே சொல்லிவிட்டார். ஆகவே நான் காற்றைப் பற்றிப் பேசப் போகிறேன். அதிலும், கடலுக்கு மேலே வீசும் காற்றைப் பற்றி.

"என்ன வாத்தியாரே, கடல் எங்கே, நம்ம தோட்டம் எங்கே?" என்று பின்வரிசையில் யாரோ கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். பதில் சொல்லிவிட்டு மேலே போவோம்.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் தொடங்கி மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. ஆசியாவின் வடபகுதியில் குளிர்ந்து கனத்த காற்று தெற்கே இறங்கித் தென்சீனக் கடலைக் கடந்து வருகிறது. வரும் வழியெல்லாம் கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு, கிளந்தான், திரங்கானு, பகாங், ஜொகூர் மாநிலங்களில் கொட்டுகிறது. 2014ஆம் ஆண்டு டிசம்பரில் கிழக்குக் கரை மாநிலங்களை வெள்ளம் சூழ்ந்தபோது, 2 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. அந்த மழை வானத்திலிருந்து விழுந்ததென்றாலும், அதைச் சுமந்து வந்தது கடல்மேல் வீசிய காற்று. மழை பிடித்துக்கொண்டால் பால்மரம் வெட்ட முடியாது; செம்பனைக் குலை ஏற்றும் லோரி சேற்றில் இறங்கிவிடும். எனவே தென்சீனக் கடலில் எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வேகத்தில் காற்று வீசுகிறது என்பது, நம் சம்பளச் சீட்டு வரைக்கும் வந்து சேருகிற சங்கதி.

சரி, அந்தக் காற்றை அளப்பது யார்? எப்படி அளக்கிறார்கள்? அளக்கிற இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் யார் பேச்சை நம்புவது? இந்த மூன்று கேள்விகள்தாம் என் பேச்சு.

கடலின் முகத்தைப் படித்தவர்கள்

நிலத்தில் காற்றை அளப்பது எளிது. ஒரு கம்பத்தை நட்டு, அதன் உச்சியில் சுழலும் கிண்ணங்களைப் பொருத்தினால் போதும். ஆனால் பூமியின் மேற்பரப்பில் நூற்றுக்கு 71 பங்கு கடல். அங்கே எத்தனை கம்பம் நடுவது?

அக்காலத்தில் கப்பல்காரர்கள்தாம் காற்றுச் செய்தி தந்தார்கள். 1805இல் பிரான்சிஸ் போஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி, காற்றின் வலிமையை 0 முதல் 12 வரை எண்ணிட்டு வரிசைப்படுத்தினார். கப்பலின் பாய் எவ்வளவு தாங்குகிறது என்பதை வைத்து எழுந்த அளவு அது. பின்னாளில் கடலின் தோற்றத்தையே அளவாகக் கொண்டார்கள். கடல் கண்ணாடிபோல் கிடந்தால் 0. சிறு நெளிவுகள் தோன்றினால் 1. வெள்ளை நுரைத் தலைகள் ஆங்காங்கே தெரிந்தால் 3 அல்லது 4. கடல் முழுதும் வெண்ணுரையாகி, காற்றே நீர்த்துளியால் நிறைந்தால் 12.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மாலுமி காற்றைப் பார்க்கவில்லை. காற்றை யாரும் பார்க்க முடியாது. காற்று கடலின் முகத்தில் எழுதிய எழுத்தைத்தான் அவர் படித்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆகாயத்தில் சுற்றும் செயற்கைக்கோளும் இதே வேலையைத்தான் செய்கிறது.

முதல் சாட்சி: செயற்கைக்கோள்

மாணவர்களே, இரவில் அசையாமல் கிடக்கும் குட்டையின்மீது டார்ச் விளக்கைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். வெளிச்சம் கண்ணாடியில் பட்டதுபோல் எதிர்ப்பக்கம் ஓடிவிடும். உங்கள் கண்ணுக்குத் திரும்பி வராது. இப்போது ஒரு குச்சியால் நீரைக் கலக்குங்கள். சிற்றலைகள் எழும்; அங்கங்கே மின்னல் மின்னலாக வெளிச்சம் உங்களிடம் திரும்பி வரும். நீர் எவ்வளவு சொரசொரப்பாகிறதோ அவ்வளவு வெளிச்சம் திரும்பும்.

ஏறத்தாழ 800 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளில் உள்ள ரேடார், வெளிச்சத்துக்குப் பதில் நுண்ணலைகளைக் கடலின்மீது சாய்வாக அனுப்புகிறது. காற்று பலமாக வீசினால் கடலின்மேல் சில சென்டிமீட்டர் அளவுள்ள சிற்றலைகள் மிகுதியாக எழும். திரும்பி வரும் எதிரொலி வலுக்கும். எதிரொலியின் வலிமையைக் கொண்டு காற்றின் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள்.

திசையை எப்படி அறிவது? வெறும் வேகம் போதாதென்பது தமிழனுக்குத் தெரியாததா? வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல், கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கோடை என்று திசைக்கொரு பெயர் வைத்தவர்கள் நாம். செயற்கைக்கோள் ஒரே இடத்தைப் பல கோணங்களிலிருந்து பார்க்கிறது. காற்று வீசும் போக்கில் பார்த்தால் எதிரொலி ஒரு மாதிரி. குறுக்கே பார்த்தால் இன்னொரு மாதிரி. இவற்றை ஒப்பிட்டுத் திசையைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இந்த வேலைக்கென முதன்முதலாகக் கடலாராய்ச்சிக்குச் சென்ற செயற்கைக்கோள் அமெரிக்காவின் 'சீசாட்'. 1978 ஜூன் மாதம் ஏவப்பட்டது. மின்கோளாற்றினால் அதே ஆண்டு அக்டோபரில் வாயை மூடிக்கொண்டது. நூறு நாளைக்குச் சற்று மேல்தான் அதன் ஆயுள். காற்றின் வேகத்தை நொடிக்கு 2 மீட்டருக்குள்ளும், திசையை 20 பாகைக்குள்ளும் சரியாகச் சொல்ல வேண்டும் என்பது அதற்கு வைத்த இலக்கு. கப்பல்களும் மிதவைகளும் எடுத்த அளவுகளோடு ஒத்துப் பார்த்தபோது, இம்முறை பயன்படும் என்று தெரிந்தது. பின்னர் 1991இல் ஐரோப்பாவின் 'இ.ஆர்.எஸ்.-1' சென்றது. 1999 முதல் 2009 வரை அமெரிக்காவின் 'குவிக்ஸ்காட்' 1,800 கிலோமீட்டர் அகலப் பாதையில் பார்வையிட்டு, பனிக்கட்டி மூடாத கடலில் நூற்றுக்கு 90 பங்கை ஒரே நாளில் அளந்து வந்தது. 2006 முதல் ஐரோப்பாவின் 'மெட்டாப்' வரிசைச் செயற்கைக்கோள்கள் சென்றன. 2009இல் இந்தியாவும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 'ஓஷன்சாட்-2' என்பதை இவ்வேலைக்கு அனுப்பியது.

ஆனால் இந்தச் சாட்சிக்கும் பலவீனங்கள் உண்டு. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, மழை. பலத்த மழை பெய்தால் மழைத்துளிகளே எதிரொலி தருகின்றன. துளிகள் கடலில் விழுந்தும் நீரைக் கலக்குகின்றன. 2 சென்டிமீட்டர் அலைநீளத்தில் பார்க்கும் ரேடாருக்கு இந்தத் தொல்லை அதிகம். 5 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளத்தில் பார்ப்பதற்குக் குறைவு.

இரண்டு, கரை. நிலத்தின் எதிரொலி கடலின் எதிரொலியோடு கலந்துவிடுவதால், கரையை ஒட்டிய ஏறக்குறைய 25 கிலோமீட்டர் வரை அளவு நம்பத்தக்கதாக இருப்பதில்லை. நம் மலாக்கா நீரிணையின் தெற்குப் பகுதியில் அகலம் குறுகி 65 கிலோமீட்டர் ஆகிறது. இரு கரையிலும் 25, 25 கழித்தால் மிச்சம் எவ்வளவு? நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் சொல்லுங்கள் பார்ப்போம்! ஆம், வெறும் 15.

மூன்று, நேரம். செயற்கைக்கோள் ஓரிடத்தைக் கடந்து போனால் மீண்டும் வரப் பல மணி நேரம் ஆகும். இடையில் எழுந்து அடங்கிய புயற்காற்று அதன் கணக்கிலேயே வராது.

நான்கு, திசை மயக்கம். கிழக்கிலிருந்து வீசினாலும் மேற்கிலிருந்து வீசினாலும் சிற்றலைகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே எதிரொலிக்கும். ஆகையால் செயற்கைக்கோள் பல சமயம் ஒரே விடை தருவதில்லை. "இதுவாக இருக்கலாம், அல்லது அதுவாக இருக்கலாம்" என்று நான்கு விடைகள் வரைகூடத் தந்து நிற்கும்.

இரண்டாம் சாட்சி: கணினி மாதிரி

இன்னொரு சாட்சி கடலுக்குப் போவதே இல்லை. ஓர் அறையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறது.

பூமியைச் சுற்றியுள்ள காற்று மண்டலத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் காற்றழுத்தம், வெப்பம், ஈரம், காற்றின் வேகம் என்ன என்பதை எழுதிக்கொள்கிறார்கள். பிறகு நியூட்டனின் இயக்க விதிகளையும் வெப்ப விதிகளையும் கொண்டு, சில நிமிடங்களுக்குப் பின் ஒவ்வொரு கட்டமும் எப்படி மாறும் என்று மாபெரும் கணினி கணக்கிடுகிறது. அதிலிருந்து அடுத்த சில நிமிடம், அதிலிருந்து அடுத்தது. இப்படியே பத்து நாள் வரை போகிறது. ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்து 1975இல் அமைத்த நடுத்தர கால வானிலை முன்னறிவிப்பு மையம் இத்துறையில் பேர்போனது. அம்மையம் பழைய அளவுகளையெல்லாம் திரட்டி மீண்டும் கணக்கிட்டு, 'ஈரா-5' என்ற பெயரில், 1940 முதல் மணிக்கு மணி உலகக் காற்று எப்படி இருந்தது என்ற பதிவைத் தந்திருக்கிறது. அதில் ஒரு கட்டத்தின் அகலம் ஏறக்குறைய 31 கிலோமீட்டர்.

இந்தச் சாட்சியின் பலம் என்ன? இடைவெளி இல்லை. எந்த இடத்தைக் கேட்டாலும், எந்த மணியைக் கேட்டாலும் பதில் உண்டு. உங்கள் கைபேசியில் காற்று அம்பு அம்பாக ஓடுகிற படத்தைப் பார்த்திருப்பீர்கள். "செயற்கைக்கோள் காட்டுதுங்க" என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அந்த அம்புகள் பெரும்பாலும் கணினி மாதிரி போட்ட கணக்குதான். நேரில் கண்ட சாட்சியம் வேறு, கணக்கிட்ட சாட்சியம் வேறு.

பலவீனம் என்ன? கட்டத்துக்குள் அடங்கும் சிறிய இடிமேகத்தையும், அது திடீரெனக் கிளப்பும் சுழல் காற்றையும் அது நேரே காணாது. உத்தேசமாகத்தான் கணக்கில் சேர்க்கும். கூரான மேடு பள்ளங்களை வழவழப்பாக்கிவிடும். மிகப் பலத்த காற்றைப் பெரும்பாலும் குறைத்தே சொல்லும்.

நாம் வாழும் பகுதிக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. பூமி சுழல்வதால், உயரழுத்தத்திலிருந்து தாழ்வழுத்தத்துக்கு ஓடும் காற்று ஒரு பக்கமாகத் திரும்புகிறது. இந்தத் திருப்பம் இருப்பதால், வடக்கே உள்ள நாடுகளில் காற்றழுத்தம் தெரிந்தால் காற்றின் போக்கை ஓரளவு ஊகித்துவிடலாம். நிலநடுக்கோட்டுக்கு அருகே அந்தத் திருப்பம் மெலிந்து, கோட்டின்மீது இல்லாமலே போய்விடுகிறது. எனவே நம் வட்டாரத்தில் அழுத்தத்தை மட்டும் வைத்துக் காற்றைச் சொல்ல முடியாது. காற்றையே நேராக அளந்தாக வேண்டும். செயற்கைக்கோள் காற்றளவு மற்றவர்களைவிட நமக்குத்தான் அதிகம் தேவை.

இருவரும் முரண்பட்டால்?

ஒரே நாள், ஒரே கடல். செயற்கைக்கோள் "மணிக்கு 45 கிலோமீட்டர்" என்கிறது; மாதிரி "36" என்கிறது என்று வைத்துக்கொள்வோம். யார் பொய் சொல்கிறார்கள்?

அவசரப்படக் கூடாது. முதலில், இருவரும் ஒரே பொருளைத்தான் அளந்தார்களா என்று கேட்க வேண்டும். செயற்கைக்கோள் ஒரு நொடிப்பொழுதில் ஒரு பரப்பைப் பார்த்தது. மாதிரி, ஒரு கட்டம் முழுமைக்கும் சேர்த்து ஒரே எண்ணைச் சொன்னது. இன்னொன்றும் உண்டு. கடல்நீர் சும்மா நிற்பதில்லை, நீரோட்டம் உண்டு. காற்றும் நீரும் ஒரே பக்கம் ஓடினால், நீரின்மேல் காற்று உராய்வது குறையும், சிற்றலையும் குறையும். செயற்கைக்கோள் சொல்வது ஓடும் நீரைச் சார்ந்த காற்று. மாதிரி சொல்வது அசையாத நிலத்தைச் சார்ந்த காற்று. ஓடுகிற லோரியின் பின்னால் நிற்பவர் முகத்தில் படும் காற்றும், பாதையோரம் நிற்பவர் முகத்தில் படும் காற்றும் ஒன்றா? இருவரும் உண்மைதான் சொல்கிறார்கள். நிற்கும் இடம்தான் வேறு.

சராசரியை மட்டும் பார்த்தும் ஏமாறக் கூடாது. தமிழில் 90, கணிதத்தில் 30 வாங்கிய பிள்ளைக்கும், இரண்டிலும் 60 வாங்கிய பிள்ளைக்கும் சராசரி ஒன்றே. ஆனால் இருவரும் ஒன்றா? ஒரு கடலில் மாதிரி கூட்டிச் சொல்லி, இன்னொரு கடலில் குறைத்துச் சொன்னால், மொத்தச் சராசரியில் வித்தியாசமே இல்லை என்று வரும். எனவே ஆராய்ச்சியாளர்கள் மெல்லிய காற்றுக்குத் தனியாக, பலத்த காற்றுக்குத் தனியாக, மழையுள்ள இடத்துக்குத் தனியாக, மழையற்ற இடத்துக்குத் தனியாக ஒப்பிடுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலான ஆபத்து ஒன்று இருக்கிறது. இதை மாணவர்கள் ஊன்றிக் கேட்க வேண்டும். செயற்கைக்கோள் திசை மயக்கத்தில் நான்கு விடைகளோடு திணறும்போது, சரியான ஒன்றைத் தேர்ந்தெடுக்க மாதிரியின் கணக்கை உதவிக்கு அழைக்கிறார்கள். அதேபோல, மாதிரி தன் கணக்கைத் தொடங்கும்போது செயற்கைக்கோளின் அளவுகளை உள்ளே வாங்கிக்கொள்கிறது. இப்படி ஒருவரை ஒருவர் பார்த்து எழுதிய பிறகு, "பாருங்கள், இருவரின் விடையும் ஒன்றாக இருக்கிறது!" என்று மகிழ முடியுமா? பரீட்சை மண்டபத்தில் அடுத்தடுத்து உட்கார்ந்த இரு பிள்ளைகளின் தாளிலும் ஒரே விடை இருந்தால் ஆசிரியர் என்ன நினைப்பார்? விடை சரி என்று நினைக்க மாட்டார். மேசைகளைத் தள்ளிப் போடுவார். ஒற்றுமை எப்போதும் உண்மைக்கு அடையாளம் ஆகாது.

மூன்றாம் சாட்சி

ஆகையால் மூன்றாவது சாட்சி வேண்டும். அதுதான் மிதவை. கடலடியில் நங்கூரமிட்டு நிறுத்திய மிதவைகளில் காற்றளவிக் கருவி சுழல்கிறது. பசிபிக் கடலின் நிலநடுக்கோட்டுப் பகுதியில், எல் நினோவைக் கவனிப்பதற்காக அப்படிப்பட்ட மிதவைகளின் வரிசையொன்று 1994இல் நிறைவு பெற்றது. அவற்றின் காற்றளவி நீர்மட்டத்துக்கு ஏறக்குறைய 4 மீட்டர் உயரத்தில் இருக்கும். செயற்கைக்கோளும் மாதிரியும் 10 மீட்டர் உயரக் காற்றைச் சொல்வதால், உயரத்துக்கேற்பத் திருத்திய பின்பே ஒப்பிட வேண்டும். உயரே போகப் போகக் காற்றின் வேகம் கூடும் அல்லவா?

மிதவையும் குற்றமற்றதல்ல. பேரலையில் ஆடும், சாயும். ஒரு புள்ளியில் மட்டும் அளக்கும். அப்படியானால் மூன்று பேரிடமும் குறை. உண்மையான அளவோ யாருக்கும் தெரியாது. பிறகு எப்படித் தீர்ப்புச் சொல்வது?

நம் கொட்டகையில் மூன்று தராசுகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் பிசகுகின்றன. உண்மையான எடைக்கல் நம்மிடம் இல்லை. நூறு உர மூட்டைகளை ஒவ்வொன்றாக மூன்றிலும் நிறுத்துக் குறித்துக்கொள்கிறோம். முதல் தராசும் இரண்டாம் தராசும் சிறிதளவே வேறுபடுகின்றன. ஆனால் முதலாவதும் மூன்றாவதும் அதிகம் வேறுபடுகின்றன. இரண்டாவதும் மூன்றாவதும் அதிகம் வேறுபடுகின்றன. அதிக வேறுபாடு வந்த இரண்டு இடத்திலும் இருப்பவர் யார்? மூன்றாம் தராசு! எடைக்கல் இல்லாமலே, எது அதிகம் பிசகுகிறது என்று கண்டுகொண்டோம். கணக்கு இன்னும் கொஞ்சம் போட்டால், ஒவ்வொன்றும் எவ்வளவு பிசகுகிறது என்றுகூடச் சொல்லலாம்.

இதே வழியைத்தான் நெதர்லாந்து வானிலை ஆய்வாளர் அட் ஸ்டோஃபெலன் 1998இல் கடற்காற்றுக்குக் கொண்டுவந்தார். மிதவை, செயற்கைக்கோள், மாதிரி ஆகிய மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சொன்னவற்றை ஆயிரக்கணக்கில் திரட்டி ஒப்பிடும் முறை அது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒன்றின் பிழை மற்றொன்றைத் தொற்றியிருக்கக் கூடாது. மூன்று தராசில் இரண்டு ஒரே பட்டறையில் ஒரே கோளாற்றோடு செய்யப்பட்டிருந்தால், நல்ல தராசின்மேல் பழி விழும். பெரும்பான்மை சொல்கிறதென்பதற்காக அது உண்மையாகிவிடாது.

2001 டிசம்பர்: நம் வாசலில் வந்த பரீட்சை

இதெல்லாம் ஆராய்ச்சிக்கூடத்துச் சண்டை என்று நினைக்காதீர்கள். நம் நாட்டு வாசலிலேயே ஒரு பரீட்சை நடந்தது.

நிலநடுக்கோட்டிலிருந்து 5 பாகைக்குள் சூறாவளி உருவாகாது என்பது அதுவரை புத்தகங்களில் எழுதியிருந்த பாடம். பூமியின் சுழற்சி தரும் திருப்பம் அங்கே மிகக் குறைவு என்பதே காரணம். ஆனால் 2001ஆம் ஆண்டு டிசம்பர் கடைசி வாரத்தில், வாடைக்காற்றின் வேகமான எழுச்சி ஒன்று தென்சீனக் கடலின் குறுகிய தென்பகுதிக்குள் நாள்கணக்கில் புகுந்து வீசியது. அதே நேரத்தில் போர்னியோக் கரையருகே வழக்கமாகத் தோன்றும் காற்றுச்சுழி ஒன்று நகர்ந்து நடுக்கடலில் வந்து நின்றது. எழுச்சிக் காற்று அச்சுழியைச் சுற்றி வளைத்துச் சுழற்றிவிட்டது. நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 1.5 பாகை வடக்கே சூறாவளி பிறந்தது. அதற்கு 'வாமெய்' என்று பெயர். பாடும் பறவை ஒன்றின் பெயராம். டிசம்பர் 27ஆம் தேதி ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது. ஜொகூரிலும் பகாங்கிலும் வெள்ளமும் மண்சரிவும் ஏற்பட்டன. ஐந்து உயிர்கள் போயின.

சிறிய சூறாவளி, நடுவிலே பேய் மழை. நாம் பார்த்த இரு சாட்சிகளுக்கும் இதைவிடக் கடினமான இடம் வேறில்லை. மழை, ரேடாரின் எதிரொலியைக் குழப்பும். அக்காலத்தில் உலகம் முழுமைக்கும் கணக்கிட்ட மாதிரிகளின் கட்டங்களோ பல பத்துக் கிலோமீட்டர் அகலமானவை; சிறிய சுழியின் கூர்மை அவற்றில் மழுங்கிப் போகும். தற்செயலாக அப்போது அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் அச்சூறாவளியின் மையத்தருகே இருந்தன. நொடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர் காற்று வீசியதாக அவை அறிவித்தன. கடலில் நேரே நின்ற சாட்சி பேசியது.

இன்று பதிவேடுகளைப் புரட்டினால் என்ன இருக்கிறது தெரியுமா? ஜப்பானிய வானிலை நிறுவனத்தின் பதிவில் 'வாமெய்' மணிக்கு 85 கிலோமீட்டர் வேகமுள்ள புயல். அமெரிக்கக் கடற்படையின் எச்சரிக்கை மையத்தின் பதிவில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகமுள்ள சூறாவளி. ஒரே காற்று, இரண்டு எண்! ஒருவர் 10 நிமிடச் சராசரியை எடுக்கிறார்; மற்றவர் 1 நிமிடச் சராசரியை எடுக்கிறார். வேறுபாட்டின் ஒரு பகுதிக்கு இது காரணம். முழுவதற்கும் இது காரணமாகாது. மீதி, யார் சாட்சியத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுத்தார்கள் என்பதில் இருக்கிறது.

2003இல் வெளிவந்த ஆய்வொன்று, இப்படியொரு சூறாவளி இப்பகுதியில் 100 முதல் 400 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரலாம் என்று கணித்தது. நூறு ஆண்டுக்கு ஒருமுறை என்பது, அடுத்த நூறு ஆண்டுக்கு வராது என்று எழுதிக் கொடுத்த சீட்டு அல்ல. புத்தகத்தில் இல்லை என்பதற்காகக் கடலில் நடக்காமல் இருந்துவிடாது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

பெற்றோர்களே, தொழிலாளத் தோழர்களே! பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போர்ட்டிக்சனுக்கோ, கிழக்குக் கரைத் தீவுகளுக்கோ போவீர்கள். கைபேசியில் அம்புகள் மெல்ல ஓடுகின்றனவே என்று மட்டும் பார்த்துப் படகில் ஏறிவிடாதீர்கள். கரையோரம் செயற்கைக்கோளுக்குத் தெளிவாகத் தெரியாத இடம். திடீர் இடிமேகம் மாதிரிக்குப் பிடிபடாத பொருள். மலேசிய வானிலை ஆய்வுத் துறை பலத்த காற்று, கொந்தளிப்பான கடல் என்று எச்சரிக்கை விடுத்தால், அது ஒரு சாட்சியை மட்டும் கேட்டுச் சொன்னதல்ல. பல சாட்சிகளை விசாரித்துச் சொன்னது. "போன மாசமும் இப்படித்தான் சொன்னாங்க, ஒண்ணும் நடக்கலையே" என்று தள்ளிவிட வேண்டாம். படகோட்டி வானத்தைப் பார்த்து வேண்டாமென்றால் அவரும் ஒரு சாட்சிதான். கொடுத்த காசு போனால் போகட்டும்.

வீட்டிலும் இந்தப் பாடம் உதவும். பிள்ளை ஒன்று சொல்கிறது, வாத்தியார் ஒன்று சொல்கிறார். பிரம்பை எடுப்பதற்கு முன், யார் எங்கே நின்று பார்த்தார்கள், ஒருவர் சொன்னதைக் கேட்டு மற்றவர் சொன்னாரா என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். மூன்று மூன்று பேராகச் சேர்ந்துகொள்ளுங்கள். ஒரு வாரம், நாள்தோறும் ஓய்வு நேரத்தில் பள்ளித் திடலில் நில்லுங்கள். புகை நேரே எழுகிறதா, இலை மட்டும் அசைகிறதா, சிறு கிளை ஆடுகிறதா, கொடிக்கம்பத்துக் கொடி விரிந்து பறக்கிறதா என்று பார்த்து, போஃபோர்ட் முறைப்படி ஓர் எண்ணை எழுதுங்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. வாரக் கடைசியில் மூன்று நோட்டுகளையும் விரித்து ஒப்பிடுங்கள். எங்கே வேறுபடுகிறதோ அந்த நாளை அழிக்காதீர்கள். அதைத்தான் முதலில் ஆராயுங்கள். மழை தூறியதா? ஒருவர் மரத்தடியில் நின்றாரா? ஒருவர் ஐந்து நிமிடம் பிந்தி வந்தாரா? காரணத்தைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் எழுதுங்கள்.

அப்படி எழுதிய நோட்டை என்னிடம் கொண்டு வாருங்கள். மூவரின் எண்ணும் ஏழு நாளும் ஒன்றாகவே இருந்தால், முதலில் நான் உங்கள் மேசைகளைத்தான் தள்ளிப் போடுவேன்!